மண்ணின் மைந்தன் எழுதிய மூன்றாவது கடிதம்

அந்த வருடம் வாக்கெடுப்புக்கு முன்னால் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் 'மண்ணின் மைந்தன்' என்ற பெயரில் மூன்று கடிதங்கள் வெளியாயின. மூன்றையும் எழுதியவன் நான்தான். என் மனைவி ஹில்டாவுக்குக்கூடத் தெரியாது.

இங்கிலாந்தில் ஸ்பால்டிங் என்ற ஊரில் இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பணிமனை கேன்டீனில் அந்த மாதங்களில் ஒரே பேச்சுத்தான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? வெளியேற வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவன் மெக்கானிக் நெவில். அவனுக்கு எதிரே உட்கார்ந்து சளைக்காமல் பதில் சொன்னவன் ரிமாஸ். லித்துவேனியாவிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. என்னைப் போலவே ஓட்டுநர். வாக்கு மட்டும் கிடையாது.

"நம்ம வீட்டுக் கதவு நம்ம கையில இருக்கணும்யா. அவ்வளவுதான் நான் கேக்கறது" என்பான் நெவில்.

"தாராளமா சாத்திக்க. ஏழாம் நம்பர் பஸ்ஸ யாரு ஓட்டுவா? நீயா? போன தடவை ரிவர்ஸ் எடுத்தப்ப சைக்கிள் கொட்டகையே போச்சு."

கேன்டீன் முழுக்கச் சிரிக்கும். நெவிலும் சிரிப்பான். "உன்ன யாருய்யா போகச் சொன்னா? நீ இரு. இனிமே வர்றவனத்தான் சொல்றேன்."

"நானும் ஒருகாலத்துல இனிமே வர்றவன்தான்!"

இப்படிப் போகும். மணி அடித்ததும் இருவரும் ஒரே சிகரெட் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே போவார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால், ஊரே பனியில் மூடிக் கிடந்த நாளில், ரிமாஸின் மனைவி டைவாவுக்கு வலி எடுத்தபோது பழுதுபார்க்கும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நெவில்தான். அன்று பிறந்தவள் உக்னே.

நான் என்ன சொன்னேன் என்கிறீர்களா? "ரெண்டு பேர் சொல்றதிலயும் ஞாயம் இருக்கு" என்பேன். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். எல்லோருக்கும் நல்லவன்.

மனசுக்குள் வேறு இருந்தது. என் மகன் இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஷெஃபீல்டுக்குப் போய்விட்டான். என் பேருந்தில் காலையில் ஏறுபவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. அதில் யார் தப்பு என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் எரிச்சல் மட்டும் தெளிவாக இருந்தது. அதைத்தான் எழுதினேன். முதல் கடிதம் வந்த அன்று எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், "யாரோ, நம்ம மனசுல இருக்கறத அப்படியே எழுதியிருக்கான்" என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எனக்குள் சிரித்துக்கொண்டேன். அது கெட்ட ருசி. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

இரண்டாவது கடிதத்துக்கு ரிமாஸ் தன் சொந்தப் பெயரில் மறுப்பு எழுதினான். நன்றாகவே எழுதியிருந்தான். ஊரில் அவனைப் பாராட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மதியம் ரிமாஸின் பேருந்தைப் பட்டறையில் நிறுத்தியிருந்தோம். நெவில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வழக்கமாகக் கேலி பேசும் ரிமாஸ் அன்று குரல் தாழ்ந்து சொன்னான்: "நேத்து உக்னே லித்துவேனியால இருக்கற என் அப்பாகிட்ட ஃபோன்ல பேசினா. அவர் சொல்றது இவளுக்குப் புரியல. இவ சொல்றது அவருக்குப் புரியல. ரெண்டு பேரும் அழுதாங்க. எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுப் போயிடலாமான்னு தோணுது. எங்க போனாலும் நாங்க அரைகுறைதான்."

"குழந்தைதானே, கத்துக்குவா" என்று அவன் தோளைத் தட்டினேன்.

தட்டிய அதே கையால் மூன்றாவது கடிதத்தை எழுதினேன். "தாத்தாவோடு பேசத் தெரியாத ஏழு வயது மகளை எண்ணி அழும் பால்டிக் நாட்டு ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர்களுக்கே இங்கே இருக்க மனமில்லை. நாம் ஏன் பிடித்து வைத்திருக்க வேண்டும்?" லித்துவேனியா பால்டிக் நாடுதான்; பெயர் போடாவிட்டாலும் யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்குத் தெரியும்.

பத்திரிகை வெளிவந்து இரண்டு நாள் கழித்து நகர மண்டபத்தில் பொதுக்கூட்டம். இரண்டு தரப்பும் பேசியது. உட்கார இடமில்லை. கேள்வி நேரத்தில் ரிமாஸ் எழுந்தான். "எனக்கு ஓட்டு இல்ல. ஆனா நீங்க பேசறது என்னப் பத்தி..." என்று ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "போய் உன் மகளுக்கு முதல்ல தாத்தாகூடப் பேசச் சொல்லிக் குடு!"

மண்டபத்தில் பாதி சிரித்தது. ரிமாஸ் பேச்சை நிறுத்தினான். கத்தியவனை அவன் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த நெவிலைப் பார்த்தான். பட்டறையில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டே பேர். வெளியேறு என்று தினமும் கத்துபவன் ஒருவன். வாயே திறக்காதவன் ஒருவன். யார்மேல் சந்தேகம் வரும்?

ரிமாஸ் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நெவில் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். தான் எழுதவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் எழுதியது யார் என்பதும் தெரியும். நான் குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்தேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

மறுநாள் ரிமாஸ் கேன்டீனில் வேறு மேஜைக்குப் போனான். நெவில் அவன் அருகில் போய், "அது நானில்லய்யா" என்றான்.

"அப்ப யாரு? ஹோவர்டா?" என்று கேட்டான் ரிமாஸ். என் பெயரைச் சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மனுஷன் மழை பெய்யுதான்னு கேட்டாலே ரெண்டு பக்கமும் யோசிச்சுத்தான் சொல்வான்."

நெவில் நான் இருந்த பக்கம் பார்த்தான். அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்கலாம். தட்டில் இருந்த அவரைக்காயை முள்கரண்டியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். நெவில் பட்டறைக்குத் திரும்பிப் போனான்.

வாக்கெடுப்பு நடந்தது. வெளியேறும் பக்கம் வென்றது. எங்கள் ஊரில் பெரிய வித்தியாசத்தில் வென்றது. நான் எந்தப் பக்கம் போட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. நெவிலும் அதே பக்கம்தான். ஆனால் அன்று கேன்டீனில் அவன் கைதட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் உக்னேயைப் பிள்ளைகள் தாத்தா கதையைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஜூலை கடைசியில் ரிமாஸ் வேலையை விட்டான். குடும்பத்தோடு லித்துவேனியாவுக்கே திரும்பிப் போகிறான் என்றார்கள்.

அன்று நான் பட்டறைக்குப் போனேன். "உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

நெவில் கையைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கே தெரியும்."

"ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கறதுக்காக உன்ன மாட்டி விடறேன்னு நினைப்பான். நீயா சொல்லுவேன்னு ஏழு வாரமா பாத்துட்டிருக்கேன், ஹோவர்ட். ஒவ்வொரு நாளும் பாத்தேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அன்று மாலையே ரிமாஸின் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் நின்றது. மெத்தையின் ஒரு முனையை அவன் பிடித்திருந்தான். "நல்ல நேரத்துல வந்தய்யா, அந்தப் பக்கம் பிடி" என்றான். பிடித்தேன். வேனில் ஏற்றினோம். அதன் பிறகுதான் சொன்னேன்.

ரிமாஸ் வேனிலிருந்து இறங்கி என் எதிரே நின்றான்.

"நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன்னு நான் கேக்கல" என்றான். "அது உன் நாடு, உன் இஷ்டம். நெவில் என் மூஞ்சிக்கு நேரா சொன்னான், நானும் திருப்பிச் சொன்னேன். என் பொண்ண எதுக்குய்யா எழுதின?"

என் மகன், வீடு, பேருந்து என்று மனசில் அடுக்கி வைத்திருந்த எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை. "தெரியல" என்றேன்.

உள்ளேயிருந்து டைவா, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல" என்றான் ரிமாஸ். வேன் கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு, தெருக்கோடியில் இருந்த நெவிலின் வீட்டை நோக்கி நடந்தான். நடந்தான் என்று சொல்வது தப்பு, கிட்டத்தட்ட ஓடினான்.

மறுநாள் ஹார்விச் துறைமுகம்வரை அந்த வேனை ஓட்டிப் போனவன் நெவில்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போகாதே என்று அவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தானாம். பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகமாட்டேன் என்று உக்னே சொல்லிவிட்டாளாம். அதனால் முடிவு மாறவில்லை.

நான் பத்திரிகைக்கு நாலாவது கடிதம் எழுதினேன். ஹோவர்ட் பாஸ்க் என்று கையெழுத்திட்டு, வீட்டு விலாசத்தோடு. மூன்றையும் எழுதியவன் நான் என்றும், ஒரு தகப்பன் நம்பிச் சொன்னதைத் திருடிப் போட்டேன் என்றும் எழுதினேன். ஹில்டா அதை அச்சில்தான் படித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேருந்தில் ஏறிய ஒரு கிழவர், "இதுக்கெல்லாம் எதுக்கு மன்னிப்பு? நீ எழுதினது சரிதானே!" என்று கையைக் குலுக்க வந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

நெவில் இப்போதும் என் வண்டியைப் பழுதுபார்க்கிறான். பிரேக் சரியாகிவிட்டது, டயர் மாற்ற வேண்டும் என்று சொல்வான். அதற்குமேல் பேச்சு இல்லை. ரிமாஸின் புது விலாசம் அவனிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பான் என்று நினைக்கிறேன். நான் இன்னும் கேட்கவில்லை.