தேனில் தெரிந்த மாவு

நுண்ணோக்கியின் முன் அமர்ந்தால் தேன் பரிசோதகர் அவசரம் அறியாதவர். முதலில் பெருக்கம் குறைந்த வில்லையைத்தான் திருப்பி வைப்பார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடியே அதைக் கண்ணாடித் தகட்டின் மீது மோதாத அளவுக்குத் தாழ்த்துவார். அதன் பின்னரே கண்ணை வைத்து, உருவம் தெளியும்வரை வில்லையை மெல்ல உயர்த்துவார். அவர் கையில் தகடு உடைந்ததில்லை. வில்லையில் கீறல் விழுந்ததில்லை. "பெத்த பிள்ளையக்கூட இவ்வளவு பக்குவமா இவர் தூக்கினதில்ல" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவர்தான் ஒரு காலையில், கொள்முதல் நிலையத்தின் எடைமேடையருகே, தேனீ வளர்ப்போர் பலரும் கேட்கும்படி சொல்லிவிட்டார்: "இந்தத் தேன்ல மாவு கலந்திருக்கு. எடுக்க முடியாது."

தேனைக் கொண்டுவந்தவர் வேறு யாருமல்லர், மனைவியின் அண்ணன்.

"மாப்பிள்ளை, விளையாடாதீங்க" என்றார் அவர்.

"அயோடின் விட்டுப் பார்த்தேன் மச்சான். உருண்டை உருண்டையா நீலமாகுது. மாவு இல்லாம அப்படி ஆகாது."

"எங்க வீட்ல ரொட்டிக்கே மாவு பத்தல. இதுல தேனுக்கு வேற கொட்டுவேனா?"

சிலர் சிரித்தனர்; சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். பீப்பாய்களில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி விழுந்தது. மச்சான் அவற்றை ஓரத்துக்கு உருட்டினார். இனி அவருடைய தேனை அங்கே யார் நம்புவார்?

அன்றிரவு உணவின்போது பரிசோதகர், "கண்ணாடி பொய் சொல்லாது" என்றார்.

"கண்ணாடிக்கு வாய் ஏதுங்க? சொன்னது நீங்கதானே" என்றாள் மனைவி.

மறுநாள் வேறொருவரின் தேனைப் பார்த்தார். சூரியகாந்தி மகரந்தம் முள் உருண்டைகளாக மின்னியது; இடையிடையே அதே மாவு. மூன்றாமவர் தேனிலும் மாவு. எல்லாருமா சேர்ந்து ஏமாற்றுவார்கள்? ஐயம் தட்டியது. தகட்டில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அதிலும் மாவு. தண்ணீருக்கு யாரை ஏமாற்றி என்ன ஆகவேண்டும்?

மெல்லத் தம் கைகளைப் பார்த்தார். பிசுபிசுப்புக்கு அஞ்சி அந்த வாரம்தான் வாங்கிய ரப்பர் கையுறைகள். விரல் வழுக்கி நுழைவதற்காக அவற்றில் வெள்ளைத் தூள் பூசியிருந்தது. அத்தூளில் ஒரு சொட்டு அயோடின் விட்டார், நீலமானது. கையுறையைக் கழற்றி, கையையும் தகட்டையும் கழுவி மீண்டும் பார்த்தார். தண்ணீர் தண்ணீராக இருந்தது. மச்சானின் தேனில் மகரந்தம் மட்டுமே இருந்தது.

நூறு மடங்கு பெரிதாக்கும் கருவி, அதைக் கையாள்பவரின் பிழையையும் நூறு மடங்காக்கிவிடுகிறது. பிழையை யாருமறியாமல் திருத்திவிடலாம். ஆனால் பழி நாலு பேர் முன்னால் அல்லவா சொல்லப்பட்டது?

மச்சானுக்கு ஆளனுப்பினார். ஒரு கையால் நுண்ணோக்கியின் தண்டைப் பற்றி, மறுகையால் அடியைத் தாங்கி, எடைமேடைக்கே கொண்டுவந்து வைத்தார்.

"நேத்து இவர் தேன்ல மாவுன்னு சொன்னேன். மாவு என் கையுறையில இருந்திருக்கு. தப்பு என்னோடது. எல்லாரும் வந்து பாருங்க."

மச்சான்தான் முதலில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"முள்ளு முள்ளா இருக்கே, இது என்ன?"

"உங்க தேனீங்க கொண்டுவந்த மகரந்தம், மச்சான்."

"இத்தன வருசத்துல இப்பதான் பாக்குறேன்" என்று நிமிர்ந்தவர் சிரித்தார். "கையுறைய மட்டும் மாத்துங்க மாப்பிள்ளை. ஆளையே மாத்தச் சொன்னா என் தங்கச்சி கேக்க மாட்டா."

கூட்டம் சிரித்தது. பரிசோதகர் ஈரத்துணியோடு மண்டியிட்டு, சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு பீப்பாய்களைத் தாமே உருட்டிச் சென்று வரிசையின் முன்னால் நிறுத்தினார்.