இருபத்து நான்கில் ஒரு பங்கு மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்துபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற ரேஸ் கார் ஒன்றை அவர் அப்போதுதான் முடித்து, நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்க்க அதைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்திருந்தார். நிஜக் காரின் நீளத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அந்தக் கார். மாஸ்டரின் நிஜ உயரத்தையும் இருபத்து நான்கால் வகுத்தால் ஏழு சென்டிமீட்டர்தான் வருகிறது. ஆகவே கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. சாப்பிட வரச் சொல்லி அவர் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டபோது ஈ பறப்பது போல ஒரு சத்தம் கேட்டதாகவும், வந்து பார்த்தால் ஆள் நாற்காலியில் இல்லை, காருக்குள் இருந்தார் என்றும் பிறகு அவள் சொன்னாள்.

அந்தக் காரைத் தேர்ந்தெடுக்க மாஸ்டர் ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தார். பொம்மைக் கார் விற்கும் கடைக்குப் போவார், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எத்தனை பாகம், ஒட்டும் படங்கள் பழுப்பேறாமல் இருக்கின்றனவா, டயர் ரப்பரா பிளாஸ்டிக்கா என்று கடைக்காரரைக் குடைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். தன்னைப் பெண் பார்த்துச் சரி என்று சொல்ல இந்த மனுஷனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், ஒற்றை இருக்கை உள்ள பழைய மாடல் சிவப்புக் கார் ஒன்று வீட்டுக்கு வந்தது. மாஸ்டர் அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நறுக்கி, நறுக்கிய தழும்பைத் தேய்த்து, வண்ணம் பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி பூசினார். ஆனால் காரோடு வந்த டிரைவர் பொம்மையைத் தனியாக ஒரு பல்குத்தும் குச்சியில் செருகி, ஹெல்மெட்டுக்கு இரண்டாவது பூச்சு காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தவர், அதை மறந்துவிட்டு மேல்மூடியை ஒட்டிவிட்டார். இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு இது. மூடியை ஒட்டிய பிறகு டிரைவரை உள்ளே இறக்க முடியாது. பிளாஸ்டிக் ஆளுக்கு முழங்கால் மடங்காது. மாஸ்டருக்கு மடங்கும். கார் காலியாக இருந்தது, பக்கத்தில் முழங்கால் மடங்குகிற ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் நடந்தது.

மனைவி முதலில் பயப்படவில்லை, கோபப்பட்டாள். சாப்பாடு ஆறிப்போயிற்று. கார் மேசைக் கால்களைச் சுற்றி, ஃபிரிட்ஜ் மூலையில் வளைந்து, சுவரோரமாகவே கட்டிலுக்கு அடியில் புகுந்து, மிதியடியின் விளிம்பை உரசிக்கொண்டு மறுபடி மேசைக்கு வந்தது. குறுக்கே காலை நீட்டினாள். மாஸ்டர் வெகு அழகாக ஒதுங்கிப் போனார். அவளுடைய தம்பி ஏ.சி. மெக்கானிக், சகல உபகரணங்களோடும் வந்து தரையில் குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் வெறும் பிளாஸ்டிக், உள்ளே ஒரு கம்பிகூட இல்லை, இது ஓடவே ஓடாது என்று உறுதியாகச் சொன்னான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார் அவன் மூக்கைத் தாண்டிப் போயிற்று. தடித்த புத்தகம் ஒன்றைக் குறுக்கே வைத்தால் தானாக நிற்கும் என்றான். உன் மாமாவின் மண்டைதான் முதலில் மோதி நிற்கும் என்று அவள் புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

பிறகு வீடு அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. நாற்காலிகளை யாரும் இழுப்பதில்லை. அவள் பாதித் தரையைத்தான் துடைத்தாள், மீதி பாதியை ஈரம் காய்ந்த பிறகு துடைத்தாள். பிஸ்கட்டைப் பொடித்து, கவிழ்த்த தட்டின் விளிம்பில் வைத்துவிடுவாள். மாஸ்டர் அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு துணுக்கைக் கையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் போன் செய்தால், சார் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னாள். அதில் பொய் இல்லை. அவளைக் கடக்கும்போதெல்லாம் மாஸ்டர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினார். முதல் சில நாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கைக்காகவே மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காத்திருக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கோபம் போய்ப் பயம் வந்தது. ஏனென்றால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்ட ஆள் அப்படிச் சிரிப்பதில்லை. வீட்டைவிட அவருக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது, இனி திரும்பி வரவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக மாஸ்டர் காரிலேயே வாழ்ந்தார், ஆனால் பக்கத்து இருக்கையில். ஸ்டியரிங் எப்போதும் இன்னொருவர் கையில்தான். அவர் காலடியில் இருந்தது ஒரே ஒரு பிரேக், அதை மிதிப்பதுதான் அவர் தொழில். நாய்க்கு மிதித்தார், சைக்கிளுக்கு மிதித்தார், வரப்போகும் லாரிக்கு முன்கூட்டியே மிதித்தார். சினிமா பார்க்கும்போது திரையில் கார் வேகமாக வந்தால் முன்சீட்டுக்காரர் முதுகில் உதை விழும். இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்த மனுஷன் மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள், நாலைந்து தடவை கேட்டாள். நான் இருக்கும்போது உனக்கு எதற்கு என்றார். பிரியமாகத்தான் சொன்னார், அதனால் அவளுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. அவள் பஸ்ஸில் நின்றபடியே வேலைக்குப் போய் வந்தாள்.

அவள் வேலை பார்த்தது பல் டாக்டரின் கிளினிக்கில், உதவியாளராக. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களோடு பேசிப் பேசி அவளுக்கு நல்ல பழக்கம், வீட்டிலும் அது உதவியது. ஒரு நாள் கிளினிக்கிலிருந்து நேராகப் பொம்மைக் கார் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. பாகம் எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருந்தால் அப்படி ஆவதுண்டு, முக்கால்வாசிப் பேர் ஒழுங்காக ஒட்டாததால் தப்பித்துக்கொள்கிறார்கள் என்றார். வண்டியை அவராக நிறுத்தி, அவராக இறங்கி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பழையபடி ஆகிவிடுவார், அவராக நிறுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றும் சொன்னார். அப்படியானால் தனக்கும் ஒரு ரேஸ் கார் வேண்டும் என்றாள் அவள்.

"இருபதுல ஒண்ணா, இருபத்திநாலுல ஒண்ணா?" என்றார் கடைக்காரர்.

"சின்ன நம்பரே குடுங்க. அவரு ரொம்பச் சின்னதா ஆயிட்டாரு."

நம்பர் சின்னதாக ஆக ஆகக் கார் பெரிதாகும், பங்கு போடுகிற ஆட்கள் குறைந்தால் ஆளுக்குக் கிடைக்கிற துண்டு பெரிதாவது போல. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் தடுக்கி விழுவார்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் சொன்னதை மறுபடி கேட்கும் பழக்கம் கிடையாது. இருபதில் ஒன்று என்று போட்டிருந்த நீலக் காரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அதை அவள் கிளினிக்கின் மதிய இடைவேளைகளில் செய்தாள். சொத்தைப்பல்லைத் தேடுகிற கண்ணாடியால் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பஞ்சுருளையால் பசையை ஒற்றி எடுத்தாள். நம்பர் படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்திலிருந்து வழுக்கவிட்டு, இடுக்கியால் காரின் மூக்கின்மேல் உட்காரவைத்தாள். கை நடுங்காமல் இருக்க மூச்சை அடக்க வேண்டும், மூச்சை அடக்கினால் பேச முடியாது. மேசையில் குனிந்திருக்கும்போது மாஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததெல்லாம் திமிரால் அல்ல என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் திமிரும் இருந்தது, அதை அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள். பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, பின்சக்கரம் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது என்றார், பல்வரிசை பார்த்துப் பழகிய கண். அவள் பிரித்து மறுபடி ஒட்டினாள். கடைசியில் டிரைவர் பொம்மையை எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, காலிக் காரின் மேல்மூடியை ஒட்டினாள்.

கார் தயாரானதும் வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு தம்பியை வாசலில் உட்காரவைத்து, யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு, நீலக் காரைத் தரையில் வைத்தாள். அது அவளையும் சின்னதாக்கி உள்ளே ஏற்றுக்கொண்டது. கார் கிளம்பியும் விட்டது. அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதை அவள் மறந்திருக்கவில்லை, ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேசைக்கால் எதிரே வந்தபோதுதான் தெரிந்தது. உரசிக்கொண்டு திரும்பினாள். திரும்பியது எதிர்த்திசையில். ஃபிரிட்ஜ் மூலையில் மாஸ்டர் வழக்கமான சிரிப்போடு வளைந்து வந்தார். எதிரே ஒரு நீலக் கார் கோணல்மாணலாக, அவருடைய பாதையிலேயே, தன் மனைவியோடு வந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். அவருடைய கால் பிரேக்கை மிதித்தது. அந்தக் கால் அவரைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. சிவப்புக் கார் நின்றது. நீலக் கார் அதன் மூக்கில் மெல்ல முட்டி நின்றது.

மாஸ்டர் இறங்கி வந்தார். இத்தனை வாரத்துக்குப் பிறகு அவர் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஸ்டியரிங்க ஏன் கழுத்தப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்க? லூசா விடு."

"கத்துக்குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

மாஸ்டர் நீலக் காரைச் சுற்றி வந்து பார்த்தார். தள்ளி உட்காரச் சொல்லலாம் என்றால் அது ஒற்றை இருக்கைக் கார். கடைசியில் அவளுக்குப் பின்னால் மூடியின்மேல் ஏறி, அவள் தலைக்கு மேலிருந்த பாதுகாப்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மதியம் அவர்கள் கட்டிலுக்கு அடியில் போனார்கள், சுவரோரம் போனார்கள், மிதியடி விளிம்பில் ஏறி இறங்கினார்கள். அவர் காலை நீட்டிப் பிரேக்கைத் தேடினார், இல்லை. வாயால் மட்டுமே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் போகப் போகக் குறைந்தது. வாசலில் இருந்த தம்பி, உள்ளே ஈச் சத்தம் ஒன்று சீராக வந்துகொண்டிருந்ததாகவும், நடுவே அக்கா சிரித்தது கேட்டதாகவும் சொன்னான்.

காரை நிறுத்தி இறங்கியதும் மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக அவள் அவருடைய காது வரைதான் இருப்பாள். இப்போது அவர் தலை அவள் மூக்குக்குக் கீழே நின்றது.

"நீ எப்ப இவ்ளோ வளந்த?"

"நீங்க சுத்திக்கிட்டே இருந்தப்ப."

கிளினிக்கிலிருந்து கொண்டுவந்து மேசைக்கு அடியில் அவள் முன்பே போட்டு வைத்திருந்த பஞ்சுருளை ஒன்றைத் தலையணையாக்கி அங்கேயே படுத்தார்கள். தான் வராவிட்டால் இறங்கியிருப்பீர்களா என்று அவள் கேட்டாள். மாஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றார். பிறகு, "எனக்கே எனக்குன்னு ஒரு ஸ்டியரிங். பக்கத்துல யாரும் இல்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

"சொல்ல வேண்டாம். அதத்தான் நான் புதுசுல கேட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அதை வெளியே சொல்லவும் செய்தார். பிறகு இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள்.

எழுந்தபோது சாயங்கால டீ நேரம். மேசைக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, அவற்றில் இரண்டு ரொம்பவே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தரை மாஸ்டரின் தரை, அங்கே எல்லாம் இருபத்து நான்கு மடங்காகத்தான் வளரும். இருபதில் ஒரு பங்காகக் குறைந்தவளும் இருபத்து நான்கு மடங்கு வளர்ந்துவிட்டாள். எழுந்திருக்கும்போது மேசையை முட்டிக்கொண்டாள். பல் டாக்டருக்கு மகிழ்ச்சி, விளக்கைத் திருப்ப இனி ஸ்டூல் வேண்டாம். உடைகளுக்கெல்லாம் கீழே துணி சேர்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர் மனசு கேட்காமல் கடைக்குப் போய், அவளைச் சரியாகக் குறைத்து வளர்க்க இன்னொரு கார் வாங்கி வந்தார். இந்தத் தடவை தேர்ந்தெடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம்தான் எடுத்துக்கொண்டார். அவள் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லி, அலமாரியின் உச்சித் தட்டில் ஸ்டூல் இல்லாமல் வைத்தாள். பிரிக்கவே இல்லை. அவரால் அதை எட்டி எடுக்க முடியாது.

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவள் லைசென்ஸ் வாங்கி, பழைய கார் ஒன்றையும் வாங்கினாள். சாதாரணக் கார், பக்கத்து இருக்கையில் பிரேக் கிடையாது. இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அவள் ஓட்டுகிறாள், பக்கத்தில் மாஸ்டர் உட்கார்ந்து வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருகிறார். அந்தப் பக்கத்து மிதியடி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டையாகிவிடும், அவள் புதிது வாங்கிப் போடுகிறாள். நேர் சாலை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இப்போது நீங்கள் என்று இறங்கி இடம் மாறிக்கொள்கிறாள், அவர் ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறாள். ஒரு மதியத்தில் அவள் ஒரு தலை உயரம் கூடிப்போனதைப் பற்றி ஊரில் இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாஸ்டரே தன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராமே, அது எப்படி நடந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.