வெடிக்காத பச்சைக் கல்

கண்ணாடிக்காரர் எந்த வாக்குவாதத்திலும் தோற்று எழுந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவருக்கு அது தேவையே இல்லாத திறமை. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே? கரண்ட் பில்லிலிருந்து கடவுள் வரைக்கும் எதை எடுத்தாலும் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கும். அவர் மனைவியும் லேசில் விடுகிறவள் இல்லை. "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் உங்க வாயால 'ஒத்துக்கறேன்'னு சொல்ல வைக்கிறேன், பாருங்க" என்பாள். அவர் சிரிப்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பந்தயம் அது. தலை நரைத்த பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வீட்டில் அதிகம் அடிபட்ட விஷயம் கல். மனைவியின் அக்கா கடைத்தெருவில் கற்கள் விற்றாள். மஞ்சள் படிப்புக்கு, ஊதா தூக்கத்துக்கு, கறுப்பு பயத்துக்கு, பச்சை நெஞ்சுக்கு. தெருவே அவளைக் கல்லக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளை ஏமாற்றுக்காரி என்று சொல்லக் கண்ணாடிக்காரருக்கே மனசு வராது. விற்கிற ஒவ்வொரு கல்லையும் அவள் மனதார நம்பினாள். "உங்க அக்கா யாரையும் ஏமாத்தலை. கல்லுதான் அவங்களை ஏமாத்துது" என்பார்.

பிறகு மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் களைத்துப் போயிருக்கிறது, மாத்திரை இழுத்துப் பிடிக்கும், ஆனால் பழையபடி ஆக்காது என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்த அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் யாரும் எதையும் மறைக்க முடியவில்லை.

சேதி கேட்டுக் கல்லக்கா ஓடி வந்தாள். கையில் ஒரு பச்சைக் கல். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, வழவழவென்று, குறுக்கே வெளிறிய நரம்பு ஒன்று ஓடியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதன் சட்டதிட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். இளவெயிலில் காட்ட வேண்டும். நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கல்லிடமே மெதுவாகச் சொல்ல வேண்டும்.

"முக்கியமா, வேற யார் கையும் படக்கூடாது" என்றாள்.

"நான் தொட்டா கல்லுக்கு நெஞ்சுவலி வந்துருமாக்கும்" என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே மூச்சும் வாங்கியது. கல்லக்கா சிரிக்கவில்லை. "தம்பி, இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுட்டுப் போங்க" என்றாள்.

"நீங்க பாடத்தை முடிங்கக்கா. நான் போய்க் கடையைத் திறக்கணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சப் பாடம் அந்த அறைக்குள்ளேயே நின்றுபோனது.

கல் தலையணைக்கடியில் குடியேறியது. மாத்திரை ஒருபக்கம், கல் ஒருபக்கம். எதனால் என்று யார் கண்டார்கள், அவளுக்கு உடம்பு தேறத்தான் செய்தது. மொட்டைமாடி ஏறித் துணி உலர்த்தினாள். குழம்பில் உப்பு கூட என்று அவரைத் திட்டினாள். புது மாத்திரை பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். அவள் கல்லைத் தடவிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "மாத்திரைன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று அவர் அங்கேயும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த நல்ல நாட்களில்தான் அது நடந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். படுக்கை விரிப்பை மாற்றலாம் என்று அவர் ஒரு உதறு உதறினார். தலையணைக்கடியில் இருந்த கல் எகிறிப் போய்த் தரையில் விழுந்தது. குனிந்து பார்த்தால், வெளிறிய நரம்போடு பிளந்து இரண்டாகக் கிடந்தது.

அவர் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். கல்லை நம்பாதவர்தான். ஆனால் அவள் நம்புகிறாளே. அதை உடைத்தது இந்தக் கை என்று தெரிந்தால் அவள் மனசு விட்டுப்போகாதா? இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, "கல்லுல பிசுக்கு ஏறிக் கெடக்கு. கடையில வச்சு மெருகு போட்டுக் கொண்டு வரேன். கைக்குட்டையில சுத்தித்தான் எடுத்தேன், கை படலை" என்றார்.

"என்ன, திடீர்னு இவ்வளவு பக்தி?" என்று கேட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கல்லக்காவிடம் போனால் வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே பஸ் ஏறி வேறொரு கடைக்குப் போனார். கிட்டத்தட்ட அதே பச்சை, அதே மாதிரி நரம்பு. அளவுதான் சற்றுப் பெரிது. அது அவருக்கு ஒரு பொருட்டா? எந்த லென்ஸையும் எந்தச் சட்டத்துக்குள்ளும் உட்கார வைக்கிற கை அது. தன் கடைக்குத் திரும்பிச் சாணைச் சக்கரத்தில் பிடித்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். அவ்வளவு கவனமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது என்கிறோமே, அப்படி வந்தது. உடைந்ததை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

சாயங்காலம் அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கீறல்கூட இல்லையே" என்றாள்.

"என் கைக்கு வந்த பொருள் கீறுமா?"

அவள் கல்லைத் தலையணைக்கடியில் வைத்தாள். அவர் பிழைத்தோம் என்று மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கல்லை வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பாள். கல்லின் அழகை ரசிக்கிறாள் என்று நினைத்தார். அவளைச் சந்தோஷப்படுத்துவதாக எண்ணி, "பாரேன், வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு" என்று தானும் சொல்லிவைப்பார். அவள் "ம்" என்பாள். மொட்டைமாடி நின்றது. பிறகு சமையலறை நின்றது. கடைசி வாரம் கட்டிலை விட்டு எழவில்லை. ஒரு மத்தியானம் கல்லை அவர் கையில் கொடுத்து, "அப்படியேதான் இருக்குங்க" என்றாள். யார் கையும் படக்கூடாத கல்லை ஏன் தருகிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. "ஆமா, அப்படியே இருக்கு" என்றார், பெருமையாக. மறுநாள் அவள் இல்லை.

வீடு அடங்கியபின் ஒருநாள் கல்லக்கா வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். "அந்தக் கல்லைக் குடுங்க தம்பி. வேலை செய்யாத கல்லை வீட்டுல வச்சுக்கக் கூடாது" என்றாள். வாங்கி ஜன்னலோரம் பிடித்தாள்.

"ஒரு விரிசல்கூட விடலை பாருங்க. கடையில பச்சைத் தட்டையே எடுத்துட்டேன். கூடப் பொறந்தவளுக்கே பலிக்கலை. நான்தான் தப்பான கல்லைக் குடுத்துட்டேன் போல."

"விரிசல் ஏன்க்கா விடணும்?"

"அன்னைக்குக் கேக்காம எந்திரிச்சுப் போனீங்களே, அதான் அந்தப் பாடம். நோவையெல்லாம் வாங்கி நெறஞ்சதும் கல்லு ரெண்டாப் பொளந்துரும். பொளந்தா நோய் போச்சுன்னு அர்த்தம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவதான் சத்தியம் வாங்கினா. கேலி பண்ணுவீங்களாம். பொளக்கற அன்னைக்கு ரெண்டு துண்டையும் கையில எடுத்துக்கிட்டு, தானே நடந்து உங்க கடைக்கு வந்து, மேஜை மேல வைக்கணும்னு சொன்னா. 'அவர் மூஞ்சியைப் பாக்கணும்க்கா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

கண்ணாடிக்காரரிடம் வாதங்கள் எல்லாம் தயாராக இருந்தன. கல் நோயை வாங்கவில்லை. கீழே விழுந்து உடைந்தது. நரம்பு ஓடுகிற இடம் எந்தக் கல்லிலும் பலவீனமான இடம்தான். எது உடைந்தாலும் உடையாவிட்டாலும் அந்த இதயம் அவ்வளவுதான். அத்தனையும் சரி. அவருக்கு முதல் தடவையாக ஜெயிக்கப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் எதிரே ஒருத்தி செய்யாத தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கடை வரைக்கும் வாங்கக்கா" என்றார்.

தெருமுனை திரும்பினால் கடை. போகும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு கிட்டவா இருக்கிறது? இழுப்பறையைத் திறந்து கண்ணாடிக் கூட்டை அவள் முன் வைத்தார். நடந்ததைச் சொன்னார். கல்லக்கா இரண்டு துண்டையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினாள். கச்சிதமாக ஒட்டிக்கொண்டன.

"எப்ப?"

"மொட்டைமாடி ஏறித் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாளே, அப்ப."

"அப்படின்னா நடந்து வந்திருப்பா" என்றாள் கல்லக்கா.

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. துண்டுகளைச் சேர்த்தபடியே மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளிவைத்தாள். "இது உங்ககிட்ட வந்து சேர வேண்டியது" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவர் சாணை பிடித்த கல்லையும் எடுத்துப் போகவில்லை.

கண்ணாடிக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். மூச்சு வாங்க, வெற்றி தாங்காமல், கையை மூடிக்கொண்டு ஒருத்தி அதன் வழியாக வந்திருக்க வேண்டும். இரண்டு துண்டையும் டக்கென்று வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருப்பாள்.

"ஒத்துக்கறேன்" என்றார்.

ஆளில்லாத கடையில் அதைச் சொல்வது கஷ்டமாகவே இல்லை. அவள் முன்னால் சொல்லியிருந்தாலும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதும், மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.