வலி குறைந்த நேரம்

பஞ்சநதத்துக்கு முட்டிவலி புதிதல்ல. பாபநாசத்தை அடுத்த அந்த ஊரில் நடவு தொடங்கினால் பாதிப் பேருக்கு இடுப்பும் முட்டியும் போய்விடும். மெடிக்கலில் ஒரு வேளைக்கு நாலு மாத்திரை என்று காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். எந்த மாத்திரை எதற்கு என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பஞ்சநதம் விடியற்காலையில் வெறும் வயிற்றில் அதை டீயோடு விழுங்கி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்புவார். மாத்திரையை வாங்கிவந்து கொடுத்தவள் அவர் மனைவி குந்தவை. இருபது நாள் இப்படி ஓடியது.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில், வரப்பில் நின்றவருக்குக் கத்தியால் குத்தியதுபோல் மேல்வயிற்றில் ஒரு வலி. இரண்டாக மடிந்துதான் வீடு வந்து சேர்ந்தார். வாய்வு என்றாள் குந்தவை. ஓமத் தண்ணீர் கொடுத்தாள், சோடா கொடுத்தாள், தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினாள். வைத்தியம் தெரியாதவர் என்று நம் ஊரில் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வலி மட்டுப்பட்டது. பஞ்சநதம் எழுந்து சட்டையை மாட்டினார். ஆஸ்பத்திரியில் ஒரு எட்டு காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

அன்று மதியம்தான் அவர்கள் வாய்க்காலுக்கு முறை. ஆற்றில் தண்ணீர் போதாமல் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று தவறினால் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நட்ட வயல் வெடித்துக் கிடந்தது. மடையில் ஆள் நிற்காவிட்டால் மேல்வயல்காரன் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான், பொம்பளை நின்றால் மதிக்கவும் மாட்டான். முறைத் தண்ணீரைக் கோட்டைவிட்ட குடும்பம் என்று பேர் வாங்க குந்தவைக்கு மனமில்லை.

"வலிதான் கொறஞ்சிருச்சுல்ல. தண்ணியப் பாய்ச்சிட்டு சாயந்தரமா போயிக்கலாங்க."

அதுவும் சரிதான் என்று பஞ்சநதம் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

நாலு மணிக்கு வயல் நிறைந்தது. மடையோரம் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு பலகையாக இறுகியிருந்தது, தொட்டால் துடித்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாபநாசம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் தஞ்சாவூர்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் ரோஹிணி, புண் ஆழமாகிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். நடவும் அறுப்பும் வந்தால் இப்படி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், விசாரித்தால் எல்லாரிடமும் இதே வலி மாத்திரை, வெறும் வயிறு, பீடி என்று சலித்துக்கொண்டார். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பஞ்சநதம் குந்தவையை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"நேத்து சாயந்தரம். இவ ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா. நான்தான் வரல."

நடுவில் வலி குறைந்திருக்குமே என்றார் டாக்டர். அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள், உள்ளே சீழ் பிடிக்கிற நேரம் அது என்றார். குந்தவை தலையைக் குனிந்துகொண்டாள்.

வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் கொழுப்புச் சவ்வை இழுத்து ஓட்டையின்மேல் வைத்துத் தைத்தார்கள். மிளகு அளவு ஓட்டை. அதை அடைப்பது பெரிய வேலை இல்லையாம். நாள் கடந்து வந்ததுதான் கெடுதலாம், காலையிலாவது வந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகமாம். நாலாம் நாள் பஞ்சநதம் போய்விட்டார்.

அவர் சொன்ன பொய் அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பிடிவாதக்கார மனுஷன் என்றார்கள், நீ என்னம்மா செய்வே என்று அவளைத் தேற்றினார்கள். குந்தவை மறுக்கவில்லை. மறுக்காத ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷனை இன்னொரு முறை சாகவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

சிங்கப்பூரிலிருந்து ஒரே மகன் அரவிந்தன் வந்திருந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கருமாதி முடிந்த அன்று, அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டும் கேக்கல, அவருக்கு நம்மளவிட நெல்லுதான் பெருசு என்று உறவுக்காரர்கள் முன்னால் பொரிந்துகொண்டிருந்தான். பதினாறு நாளாக விழுங்கியது குந்தவைக்கு அதற்குமேல் உள்ளே நிற்கவில்லை.

"அவரு கெளம்பிட்டாருப்பா. நான்தான் தண்ணியப் பாய்ச்சிட்டுப் போங்கன்னேன். என்னைக் காட்டிக் குடுக்காம போயிட்டாரு."

அரவிந்தன் எழுந்து வெளியே போனான்.

சிங்கப்பூர் திரும்பும்வரை அவள் போட்டதைச் சாப்பிட்டான், முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவைப் பற்றி மட்டும் அதன்பிறகு யாரையும் ஒரு குறை சொல்லவிடவில்லை.