இரவல் சிலந்தியின் இடது கை

கரண்ட் போனதும் ஜுவிதாவுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கோத்தா கினபாலுவில் மழைக்காலத்து மத்தியானத்தில் கரண்ட் போவது ஒன்றும் அதிசயமில்லை. போகாமல் இருந்தால்தான் ஜனங்கள் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்கள். தலைக்கு மேல் லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றுபோனது. காற்றும் இல்லை, சத்தமும் இல்லை. நுண்ணோக்கியோ பேட்டரி விளக்கில் வேலை செய்யும். இத்தனை நாளாகத் தள்ளிப்போட்ட காரியத்தை இப்போதே முடித்துவிடலாம் என்று இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

காரியம் இதுதான். மேசைமேல் ஒரு சின்னக் குப்பி. அதற்குள் ஆல்கஹாலில் ஒரு ஆண் தாவும் சிலந்தி, அரிசியைவிடச் சிறியது. நூறு வருஷத்துக்கு முன்னால் போர்னியோக் காட்டில் யாரோ பிடித்துக் கடல் கடந்து ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது. இப்போது அங்கிருந்து இரவலாக வந்திருக்கிறது. அங்கே ஒரு கனவான் அதற்குப் பெயர் வைத்து, அதற்கென்றே ஒரு புதுப் பேரினத்தையும் உண்டாக்கி, ஐந்து வரி எழுதிவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார். படம்கூடப் போடவில்லை. அன்றிலிருந்து அந்தப் பேரினம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. உலகத்தில் அதற்கு இருப்பது இந்த ஒரே உடம்புதான். அதைப் பார்த்து, வரைந்து, ஒழுங்காக மறுபடி எழுத வேண்டியது ஜுவிதாவின் வேலை.

ஆண் சிலந்தியின் முகத்தோரம் இரண்டு குட்டிக் கைகள் உண்டு. உணர்கை என்பார்கள். அதன் நுனியில் இருக்கும் குமிழையும் கொக்கியையும் பார்த்துத்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும். இந்தச் சிலந்திக்கு வலது கை வரும்போதே இல்லை. எந்தக் காலத்தில் யார் தொலைத்தார்களோ! மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான், அதை அடியிலிருந்து பார்க்க வேண்டுமானால் உடம்பிலிருந்து கழற்றியாக வேண்டும்.

கழற்றினாள். அழகாகக் கழன்று வந்தது. ஆல்கஹால் தட்டிலிருந்து இடுக்கி நுனியில் அதைத் தூக்கி, பக்கத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்க ஒரு சாண் தூரம்தான். பாதித் தூரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஃபேனின் சுவிட்சை அணைக்க மறந்திருந்தாள். நின்ற ஃபேனைப் பார்த்தவளுக்கு அது அணைத்த ஃபேன் இல்லை என்பது தோன்றவேயில்லை. மேலேயிருந்து குப்பென்று ஒரு காற்று. இடுக்கி நுனி காலி.

ஜுவிதாவுக்கு உயிரே போய்விட்டது.

"ஜைனல்! நகராத! நின்ன இடத்துலயே நில்லு! சுவிட்ச அணை!"

ஜைனல் ஆய்வுக்கூடத்தின் மறுகோடியில் வண்டுகளை ஊசியில் குத்தி வைத்துக்கொண்டிருந்தவன். செம்போர்னாக்காரன், அவளுக்கு நாலைந்து வயது இளையவன், எதற்கும் சிரிக்கிற ஆள். "நகராதன்னும் சொல்றீங்க, சுவிட்ச அணைன்னும் சொல்றீங்க. எதக்கா செய்யட்டும்?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒற்றைக் காலில் எட்டிச் சாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

"போச்சுடா. கை போச்சு."

"எந்தக் கை?"

"இரவல் சிலந்தியோட கை!"

அவன் கையிலிருந்த வண்டையும் ஊசியையும் கீழே வைத்தான்.

அந்த அருங்காட்சியகத்தோடு இந்தக் கூடத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அங்கிருந்து வாங்கிய குளவிகளைப் பூஞ்சை பிடிக்க வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அதோடு கதவை அடைத்துவிட்டார்கள். கூடத்தின் தலைவி பெர்னதெத் மேடம் வருஷக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி, தன் பெயரைப் பிணையாக வைத்து, இந்த ஒரு சிலந்தியை வாங்கியிருந்தார். இதையும் தொலைத்தால் இந்தத் தீவில் யாருக்கும் இனி ஒரு ஈயின் இறகுகூட வராது. ஜுவிதாவின் வேலையும் வருஷக் கடைசியோடு முடிகிற வேலை. நீட்டிப்பது மேடத்தின் கையில் இருந்தது.

தேடினார்கள். அரை மில்லிமீட்டர் இருக்குமா அது? மேசைமேல் ஒரு அங்குலம் விடாமல் லென்ஸை வைத்துப் பார்த்தாள். மூச்சு பட்டால் பறந்துவிடுமோ என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டாள். வெள்ளைத் துணி விரித்து, குனிந்து, கூந்தலை அவிழ்த்து உதறினாள். கோட்டைக் கழற்றித் தட்டினாள். ஜைனல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான். அப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் தரையெல்லாம் பொடியாக மின்னியது. கூடத்தை அத்தனை நாளும் எவ்வளவு கேவலமாகப் பெருக்கியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் வண்டு விழுந்தா டொக்குனு சத்தம் கேக்கும். உங்க ஆளுங்கள நம்ப முடியல," என்றான் ஜைனல் தரையிலிருந்து. அவள் மேசையடியில் குனிந்தாள். "உங்க டூசுன் இனத்துக்காரங்க தப்புப் பண்ணினா சோகித்னு கோழியோ எருமையோ குடுத்து ஊரோட சூட்டத் தணிப்பீங்களே. இதுக்கு எத்தன எருமக்கா?"

"வாய மூடுடா. அந்த நாற்காலிக்கு அடியில பாரு."

நூறு வருஷமாகக் கப்பலிலும் யுத்தத்திலும் தப்பித்து வந்த ஒரு கை, அவளிடம் வந்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. யாரிடம் போய் ஃபேன் என்று சொல்வது? சிரிப்பார்கள். பிறகு சிரிக்க மாட்டார்கள்.

ஃபோன் அடித்தது. மேடம்.

"ஜுவிதா, மழ கொஞ்சம் விட்டிருக்கும்மா. அப்படியே வந்து உன் சிலந்தியப் பாத்துட்டுப் போறேன். கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன் மேடம்."

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்."

ஃபோனை வைத்தாள். வந்துச்சு என்று ஏன் சொன்னோம்?

ஜைனல் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். குரலைத் தாழ்த்திச் சொன்னான், "அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன மாசம் தவாவ் காட்டுல குடையத் தலகீழா விரிச்சுப் புதர அடிச்சமே, அதுல மூணு ஆண் சிலந்தி விழுந்துச்சே. அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஒண்ணா இருக்கும்னு சொன்னேன். ஒண்ணுன்னு சொல்லல."

"அதுல ஒரு இடது கைய எடுத்து இதுல போட்டா யாருக்குத் தெரியப்போவுது? ஒரே சாதிதான? வாங்கின கடன அதே காசுல திருப்பிக் குடுக்குற மாதிரி."

"பைத்தியமாடா உனக்கு?"

"பைத்தியந்தான். மேடம் கிளம்பியிருப்பாங்க."

ஜுவிதா ஜன்னலைப் பார்த்தாள். மலைப் பக்கம் மேகம் இன்னும் கலையவில்லை. பயந்தவளுக்கு எல்லாமே நியாயமாகப்படும். இரண்டும் ஒரே இனமாகத்தான் இருக்கும், தொண்ணூறு சதவிகிதம் இருக்கும், படம் வரையும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. தவாவ் குப்பியைத் திறந்தாள். ஒரு சிலந்தியை எடுத்துப் புரட்டினாள். இடது கையைக் கழற்றினாள். பழைய உடம்பைத் தட்டிலிருந்து அருங்காட்சியகத்தின் குப்பிக்குத் திருப்பிவிட்டு, இந்தக் கையையும் இடுக்கி நுனியில் எடுத்து உள்ளே விட்டாள். அது மெல்ல இறங்கிப் பழைய உடம்பின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. மேடத்துக்குக் கண் முன்னைப்போல் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியைத் திருகினாள்.

திருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான் எறும்பு கண்ணில் பட்டது.

மேசை விளிம்பில் ஒரு பொடி எறும்பு தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எறும்புகள் இல்லாத ஆய்வுக்கூடம் சாபாவில் எங்கே இருக்கிறது? ஆனால் இதன் வாயில் வெளுத்த மஞ்சளில் ஏதோ இருந்தது. சோற்றுத் துணுக்காக இருக்கலாம். மத்தியானம் அவள் தூஹாவ் ஊறுகாயோடு சாப்பிட்ட சோறு. ஆனால் சோற்றுக்கு மயிர் முளைக்காது.

"ஜைனல்," என்றாள்.

எறும்பு சுவர்ப் பக்கம் திரும்பியது. சுவரில் பிளக் பெட்டி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரிசல். அதற்குள் போய்விட்டால் சுவரை இடித்தாலும் கிடைக்காது. இடுக்கியை நீட்டினாள், கை அப்படி ஆடியது, நுனி மேசையில் தடதடவென்று தட்டியது. எறும்பு மிரண்டு ஓடியது. இன்னும் இரண்டு விரற்கடைதான். இடுக்கியைப் போட்டுவிட்டு ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து, எறும்பின்மேல் ஒற்றினாள். அழுத்தினால் நசுங்கும், அழுத்தாவிட்டால் ஓடும். விரலைத் திருப்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "நீ பாருடா," என்று நீட்டினாள்.

ஜைனல் லென்ஸைப் பிடித்தான். "எறும்பு இருக்கு," என்றான். பிறகு, "கையும் இருக்கு. முழுசா இருக்குக்கா!"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழவும் நேரமில்லை. தன் கையை நம்பாமல் ஜைனலையே குப்பியைத் திறக்கச் சொல்லி, உள்ளே போட்டதை எடுக்க வைத்தாள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து நுண்ணோக்கியில் குனிந்தாள். பழைய கையின் நுனிக் கொக்கி நேராக, குட்டையாக இருந்தது. தவாவ் கையில் அது நீளமாகக் குமிழைச் சுற்றி வளைந்து, அடியில் ஒரு பல்லோடு இருந்தது. முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வேறு இனம். ஒருவேளை வேறு பேரினமே.

அந்தக் கை உள்ளேயே இருந்திருந்தால் அதைத்தான் வரைந்திருப்பாள். அவள் படத்தை நம்பி உலகமெல்லாம் எழுதியிருக்கும். இவள் செத்த பிறகும் அது அப்படியே கிடந்திருக்கும்.

மேடம் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது, குப்பியில் இருக்க வேண்டியது இருந்தது. அவர் நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருந்தார். "ஒரு மயிர்கூட ஒடியலையே. நல்லா எடுத்திருக்கே," என்றார். "இத நம்பித்தான் அவங்ககிட்ட அடுத்த பெட்டியையும் கேட்டிருக்கேன். பதினோரு சிலந்தி. எல்லாமே ஒத்த உடம்புதான். நீதான் செய்யணும்."

ஜுவிதா தலையை ஆட்டினாள். மேடம் குடையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

ஜைனல் அவள் காதருகே குனிந்தான். பாவம், தைரியம் சொல்வதாகத்தான் நினைத்திருப்பான். "பயப்படாதீங்கக்கா. எறும்பப் பிடிக்கிறப்பதான் உங்க கை அந்த ஆட்டம் ஆடுச்சு. அந்தத் தவாவ் கைய உள்ள போட்டீங்க பாருங்க, அப்ப ஒரு நடுக்கம் இல்ல. கல்லு மாதிரி நின்னுச்சு. நான் அசந்துட்டேன்."

ஜுவிதா தன் வலது கையைப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம். அந்த நேரத்தில் அது நடுங்கவேயில்லை. எறும்புக்கும் ஃபேனுக்கும் மேடத்துக்கும் பயந்ததெல்லாம் இப்போது ஒன்றுமில்லாமல் போய், இந்தக் கையைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இன்னும் பதினோரு குப்பி வரப்போகிறது. எல்லாக் குப்பிக்கும் எறும்பு வராது.

"மேடம்," என்றாள்.

"அக்கா, வேணாம்," என்றான் ஜைனல் பல்லைக் கடித்துக்கொண்டு.

மேடம் கதவில் கையை வைத்தபடி திரும்பினார். "என்னம்மா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி, கொஞ்ச நேரம் அந்தக் குப்பிக்குள்ள வேற சிலந்தியோட கை இருந்துச்சு மேடம். போட்டது நான்."