அக்காவுக்குக் கொடுத்த புத்தகம்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபது வருடமாக ரத்தம் பரிசோதிக்கும் அக்காவுக்குப் பதவி உயர்வுத் தேர்வு வந்தது. அதில் நிகழ்தகவும் உண்டு. பள்ளியில் அந்தப் பாடத்தின் பக்கமே அவள் போனதில்லை. கல்லூரியில் கணிதம் நடத்தும் தம்பியைத் தேடி ஆசிரியர்கள் அறைக்கே வந்து, முதலிலிருந்து படிக்க ஒரு புத்தகம் சொல்லச் சொன்னாள்.

சக ஆசிரியர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அலமாரியில் இருந்ததிலேயே தடித்த புத்தகத்தை எடுத்து, இதைவிட முறையான புத்தகம் கிடையாது என்று நீட்டினான். அவர்களும் தலையாட்டினார்கள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

உண்மையில் அதன் மூன்றாம் அத்தியாயத்தை அவனே தாண்டியதில்லை. அவன் கற்றது ஒரு மெல்லிய புத்தகத்தில். பக்கத்துக்குப் பக்கம் காசும் பகடையும் கலர் பந்துகளும். இப்போதும் வகுப்புக்கு முன் வீட்டில் அதைத்தான் புரட்டுவான். வெளியே சொன்னதில்லை.

இரண்டு மாதம் அக்காவிடமிருந்து போனே இல்லை. படிப்பில் மும்முரம் என்று நினைத்தான். பிறகு அக்காவின் கணவர், மாமாதான் சொன்னார், அக்கா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டாளாம்.

அன்று மாலையே தம்பி மெல்லிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்து தடவை படிச்சேன்டா, மண்டையில ஏறல. நீ நல்ல புத்தகம்தான் குடுத்த. உன்னைச் சொல்லி என்ன?"

அந்த வார்த்தைதான் அவனைச் சுட்டது. நின்றபடியே சொன்னான்.

"அது எனக்கே முழுசாப் புரியாதுக்கா. அவங்க முன்னாடி பெரிய ஆளாத் தெரியணும்னு குடுத்துட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு மாசமா என்னை மக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள்.

மறுபடி துணி மடிக்கத் தொடங்கினாள். மெல்லிய புத்தகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. ஒரு கணக்கில் சந்தேகம். பையில் சிவப்புப் பந்து மூன்று, நீலம் இரண்டு. ஒன்றை எடுத்துத் திருப்பிப் போடாமல் அடுத்ததை எடுத்தால், இரண்டுமே சிவப்பாக வர வாய்ப்பு என்ன? பந்து ஒன்று குறைந்துவிட்டதே என்றுதான் அவன் ஆரம்பித்தான். மீதியை அவளே மளமளவென்று சொல்லி முடித்தாள். விடையும் சரி.

அடுத்த தேர்வு மூன்று வருடம் கழித்துத்தான். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவள் இப்போது அந்தப் பதவியில் இருக்கிறாள். ஒரே வார்த்தையில் பிடித்துக்கொள்கிறவளைத்தான் மக்கு என்று நம்பவைத்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. சரியா என்று அக்கா மறுபடி கேட்டாள். "சரிதான்க்கா. அடுத்ததையும் போடு," என்றான்.