நல்ல முட்டி

மேஜையில் மல்லாந்து படுத்திருந்த நாத்தனாரின் வலது முட்டியை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கெண்டைக்காலை மறு கையால் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள் அண்ணி. நாத்தனார் ஆடும் கால்பந்து அணிக்கு பிசியோதெரபிஸ்ட் அவள்தான். எலும்பு வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. இவ்வளவு வரக் கூடாது. முந்தாநாள் பயிற்சியில் பந்தோடு திரும்பும்போது பிசகிய முட்டி. உள்ளே தசைநார் அறுந்திருந்தால் இன்றைய தேர்வு ஆட்டம் கிடையாது. தேசிய அணி கிடையாது. வயதைப் பார்த்தால் இனி எப்போதுமே கிடையாது.

"வீட்ல படுத்துறது பத்தாதுன்னு இங்கயுமா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

ஒரு முட்டியை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிடக் கூடாது. நல்ல முட்டியையும் அதே மாதிரி இழுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். தொழிலில் முதலில் கற்றுத்தருவதே அதுதான். இடது முட்டியை இழுத்தாள். அதுவும் அதே அளவு வழுக்கி வந்தது. இரண்டும் ஒன்று என்றால் பிறவியிலேயே மூட்டு இளகியவள், அவ்வளவுதான். அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆடலாம், கட்டுப் போட்டு அனுப்புகிறேன் என்று கதவுக்கு வெளியே நின்ற பயிற்சியாளருக்குக் குரல் கொடுத்தாள். அவர் மைதானத்துக்கு ஓடினார்.

கட்டுப் போடுவதற்காக இரண்டு கால்களையும் நீட்டச் சொன்னபோதுதான் அது கண்ணில் பட்டது. இடது தொடை இளைத்திருந்தது. முட்டிக்குச் சற்று மேலே, சதை திரண்டு நிற்க வேண்டிய இடத்தில் லேசான பள்ளம். அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காமலே இவள் வெகுகாலம் ஓடியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோமே என்று அண்ணிக்கு வெட்கமாக இருந்தது.

"இது எப்போ ஆச்சு?"

நாத்தனார் மழுப்பினாள், சின்ன வயதில் எங்கோ விழுந்தது என்றாள். அண்ணி தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. வீங்குச்சு, வடிஞ்சிருச்சு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆட்டத்துக்கு முழுக்குப் போட வச்சிருப்பாங்க."

முன்பே அறுந்த இடது காலோடு இப்போது அறுந்த வலது காலை ஒப்பிட்டு நல்ல கால் என்று சொல்லிவிட்டோம் என்பது அண்ணிக்கு உறைத்தது. கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இன்று ஓடவிட்டால் முட்டிக்குள் மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் தேய்ந்து போகும், அப்புறம் மாடிப்படி ஏறவே கைப்பிடியைத் தேட வேண்டியதுதான். நிறுத்தினால் நாளையிலிருந்து தினமும் இவள் முகத்தில் விழிக்க வேண்டும்.

"நீங்கதான் சரின்னு சொல்லிட்டீங்களே அண்ணி. இதைப் பார்க்காத மாதிரி இருந்துடுங்க. எனக்கு அது போதும்."

கதவு திறந்தது. எதிரணி இறங்கிவிட்டது, இன்னும் என்ன செய்கிறீர்கள் என்றார் பயிற்சியாளர்.

"இவ ஆடல, சார். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாத்தனார் அழவில்லை. மேஜையிலிருந்து இறங்கி, பெஞ்சுக்கு அடியில் கிடந்த பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ஆட்டத்துக்கு இறங்குகிறவள் போலக் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.